1,900 மைல் சைக்கிளில் சென்ற சிப்பாய்கள்

சைக்கிளை ஏழையின் குதிரை என்பர். புல்லும் கொள்ளும் கேளாது, லாயம் வேண்டாது, வாசற்சுவரில் சாய்த்து வைத்தால் விடியும்வரை அப்படியே நிற்கும். பிழைப்பை நாடி ஊர்விட்டு ஊர் வந்து, மாதச் சம்பளத்தில் காலந்தள்ளும் நம் குடும்பங்களில் இக்குதிரையின் அருமையை அறியாதார் யார்? தகப்பனார் அலுவலகத்துக்குச் சென்றுவந்த வண்டியிலேதான் மகன் குரங்குப் பெடல் போட்டு ஓட்டப் பழகியிருப்பான். வழி தெரியாத புதிய ஊரில் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நமக்கு வழிகாட்டியதும் அதுவே.

ஆயினும் சைக்கிள் என்றால் ஊருக்குள் போய்வரும் வாகனம் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அதன்மேல் ஏறி, மலையும் பனியும் மணற்காடும் கடந்து, 1,900 மைல் தொலைவு ஒரு பட்டாளம் சென்றது என்றால் நம்புவது கடினம். அமெரிக்க நாட்டில் 1897-ஆம் ஆண்டு அது நடந்தது. 1,900 மைல் என்பது ஏறத்தாழ 3,050 கிலோமீட்டர். சென்னையிலிருந்து தில்லிக்கு இருப்புப் பாதை வழியே 2,180 கிலோமீட்டர் அளவுதான். அதற்கு மேலும் 850 கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவை அவர்கள் மிதித்தே கடந்தார்கள்.

அந்த யாத்திரையின் வரலாற்றை இங்கே எழுத விரும்புகிறோம். அது சைக்கிளின் பெருமையைச் சொல்லும் கதை மட்டும் அன்று. இட்ட வேலையைக் குறைவறச் செய்து முடித்தவனுக்கு மேலிடம் என்ன கைம்மாறு செய்தது என்பதையும் அது சொல்லும்.

சைக்கிள் மோகம் பரவிய காலம்

இன்று நாம் ஓட்டும் சைக்கிளின் வடிவம் மிகப் பழமையானதன்று. முன்சக்கரம் ஆளுயரமும் பின்சக்கரம் ஒரு சாணுமாக இருந்த பழைய வண்டியில் ஏறுவதே வித்தையாக இருந்தது. விழுவதோ மிக எளிது. 1885-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவாக, செயின் பின்சக்கரத்தைச் சுழற்றும்படி ஒரு வண்டியைச் செய்தார். 1888-ஆம் ஆண்டு டன்லப் என்பவர் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்த பிறகு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் மோகம் காட்டுத்தீப் போலப் பரவிற்று.

படைத் தலைவர்களின் கண்ணும் அதன்மேல் விழுந்தது. குதிரைக்குத் தீவனம் வேண்டும், தண்ணீர் வேண்டும், ஓய்வும் வேண்டும். அது கனைக்கும்; புழுதி கிளப்பும்; பகைவனுக்குத் தன் வரவைத் தானே அறிவித்துவிடும். சைக்கிளோ ஓசையின்றிச் செல்லும். புதரில் படுக்க வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்கப் படையின் ஜெனரல் நெல்சன் மைல்ஸ் என்பவர் நியூயார்க் நகரத்தில் ஆறு நாள் தொடர்ந்து நடந்த சைக்கிள் பந்தயமொன்றைக் கண்டு, இது படைக்குப் பயன்படும் என்று உறுதி கொண்டார். 1895-ஆம் ஆண்டு அவர் தலைமைத் தளபதியானதும் இந்த எண்ணத்துக்கு ஒரு வாய்ப்புக் கிட்டிற்று.

யார் அந்தச் சிப்பாய்கள்?

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் 1865-ஆம் ஆண்டு முடிந்து, அடிமை முறையும் ஒழிந்தது. அதன்பின் கறுப்பினத்தவரைக் கொண்டு தனிப் படைப்பிரிவுகள் அமைக்கப்பட்டன. 1869-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குதிரைப் படையில் இரண்டும் காலாட்படையில் இரண்டுமாக நான்கு பிரிவுகள் நிலைத்தன. சிப்பாய்கள் கறுப்பினத்தவர், அதிகாரிகளோ பெரும்பாலும் வெள்ளையர். இந்நான்கில் ஒன்றுதான் 25-ஆம் காலாட்படை.

நகரங்களுக்கு அருகே இவர்களை வைத்துக்கொள்ள அரசினர் விரும்பவில்லை. டெக்சாஸ் எல்லையில் பத்தாண்டு, டகோட்டாவின் குளிரில் எட்டாண்டு என்று ஓரங்களிலேயே அவர்கள் காலம் கழிந்தது. 1888-ஆம் ஆண்டு, மேற்கே ராக்கி மலைத்தொடரின் நடுவில் மொன்டானாவிலுள்ள மிசூலாக் கோட்டைக்கு வந்து சேர்ந்தனர். மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டை கட்டிப் புறப்படுவதும், புதிய ஊரின் மொழியும் முகமும் பழகுமுன் அடுத்த உத்தரவு வருவதும் நம் வாசகர்களில் பலருக்குப் புதிதன்று. ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் தோலின் நிறம் காரணமாகவே ஒதுக்கப்பட்ட நிலையை அதனோடு ஒப்பிடலாகாது.

அந்தக் கோட்டைக்கு ஜேம்ஸ் மாஸ் என்னும் இளைஞர் அதிகாரியாக வந்தார். லூசியானா மாநிலத்தவர். படைக் கல்லூரியில் 1894-ஆம் ஆண்டு தேறியவருள் கடைசியாகத் தேறியவர். ஆனால் அவர் சைக்கிள் பித்தர். கோட்டைச் சிப்பாய்களைக் கொண்டு ஒரு சைக்கிள் படை அமைத்துப் பார்க்க அனுமதி கேட்டார். 1896-ஆம் ஆண்டு அனுமதி கிடைத்தது. ஸ்பால்டிங் கம்பெனியார் வண்டிகளை விலையின்றிக் கொடுத்தனர். கம்பெனிக்கு விளம்பரம், அரசினர்க்கோ செலவில்லை.

முதலில் எட்டுப் பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நாள்தோறும் மைல் கணக்கில் ஓட்டிப் பழகினர். ஆறு குறுக்கிட்டால் வண்டியைத் தோளில் தூக்கிக் கடந்தனர். ஒன்பது அடி உயர வேலியை வண்டியோடு இருபது விநாடிக்குள் ஏறிக் கடக்கும் அளவுக்குத் தேறினர் என்பர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் மாக்டானல்டு ஏரிவரை சென்று மீண்டனர். போக வர 126 மைல். மழையும் சேறும் அவர்களைப் படாத பாடு படுத்தின. திரும்பி வந்த சில நாட்களிலேயே மறுபடி புறப்பட்டு, வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற யெல்லோஸ்டோன் வனத்தைச் சுற்றிவந்தனர். அது ஏறத்தாழ 800 மைல். ஊற்றுநீர் படிந்து உண்டான வெண்படிகளின் மேல் சைக்கிளோடு அவர்கள் வரிசையாக நிற்கும் நிழற்படம் இன்றும் இருக்கிறது.

இது போதாது என்று மாஸ் கருதினார். மலை, சேறு, மணல், வெயில், குளிர் ஆகிய அனைத்தும் ஒரே பாதையில் அமைய வேண்டும். அப்போதுதான் சோதனை முழுமை பெறும். ஆகவே மிசூலாவிலிருந்து கிழக்கே மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரம்வரை செல்வதென முடிவாயிற்று.

புறப்பாடு

நாற்பது பேர் முன்வந்தனர். இருபது பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் ஐவர் முந்திய ஆண்டு சென்றவர்கள். வயது 24 முதல் 39 வரை. எல்லாரினும் மூத்தவர் சார்ஜண்டு மிங்கோ சாண்டர்ஸ், 39 வயது, பட்டாளத்தில் பதினாறு ஆண்டுச் சேவை. முன்பொரு வெடிவிபத்தில் ஒரு கண்ணின் பார்வை மங்கியவர். இவர் பெயரை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம். பின்னர் இவரிடம் திரும்பி வருவோம். சைக்கிள் பழுதுபார்க்க ஜான் பின்ட்லி என்னும் சிப்பாய் இருந்தார். சிகாகோ நகரத்துச் சைக்கிள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இவர்களுடன் மாஸ், மருத்துவர் கென்னடி, எட்வர்டு பூஸ் என்னும் பத்தொன்பது வயதுப் பத்திரிகை நிருபர் ஆகிய மூவரும் சேர, மொத்தம் இருபத்து மூவர்.

வண்டியின் எடை 32 பவுண்டு. கம்பளிப் போர்வை, கூடாரத்துணி, மாற்றுத்துணி, உணவு, கருவிகள் எல்லாம் ஏற்றிய பின் சராசரி 59 பவுண்டு, அதாவது 27 கிலோகிராம். போர்வையும் கூடாரமும் சுருட்டி ஹாண்டில்பாரின் முன்னே கட்டப்பட்டன. பார்களுக்கு நடுவேயுள்ள முக்கோண வெளியில் பொருத்திய பெட்டியில் உணவு. இவை தவிர, ஆளுக்குப் பத்துப் பவுண்டுத் துப்பாக்கியும் ஐம்பது தோட்டாக்களும். மேட்டில் ஏற உதவும் கியர் ஏற்பாடு அக்காலத்து வண்டியில் இல்லை. மேடாயினும் பள்ளமாயினும் ஒரே பற்சக்கரம். காலின் வலிமையே கியர்.

உணவுக்குச் செய்த ஏற்பாடு நம்மைப் போன்ற ரயில்வேக்காரர்களுக்குச் சுவையானது. வண்டியில் எடுத்துச் சென்றது இரண்டு நாள் உணவுதான். பாதையில் ஏறத்தாழ நூறு மைலுக்கு ஓரிடமாகக் குறித்து, அங்குள்ள ஸ்டேஷன்களுக்கு அடுத்த இரண்டு நாள் உணவை ரயிலில் முன்கூட்டியே அனுப்பி வைத்தனர். இதன் கணக்கைப் பாருங்கள். இரண்டு நாளில் நூறு மைல், அதாவது நாளுக்கு ஐம்பது மைல் சென்றே ஆக வேண்டும். மழை பெய்தாலும் வண்டி முறிந்தாலும் கணக்கு மாறாது. பின்தங்கினால் அடுத்த ஸ்டேஷனில் மூட்டை காத்திருக்கும், வயிறு காத்திராது.

1897-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14-ஆம் நாள் அதிகாலை ஐந்தரை மணிக்கு மிசூலாக் கோட்டையிலிருந்து அவர்கள் புறப்பட்டனர்.

சேறும் தண்டவாளமும்

புறப்பட்ட முதல் நாட்களிலேயே மழை பிடித்துக்கொண்டது. அப்பகுதி மண் மழையில் நனைந்தால் பசைபோல் ஆகிவிடும். சக்கரத்தில் ஒட்டி, சட்டத்தின் இடுக்குகளில் அடைத்து, சக்கரம் சுழலாமலே நின்றுவிடும். பத்தடி தள்ளுவது, குச்சியால் சேற்றைச் சுரண்டுவது, மீண்டும் பத்தடி தள்ளுவது. கண்டத்தின் முதுகெலும்பு போன்ற மலைக்கணவாயை ஏறும்போது ஆலங்கட்டியும் பனியும் பொழிந்தன. ஜூன் மாதத்தில் பனிமேல் காலடி வைத்துச் சைக்கிளைத் தள்ளிச் சென்றது அப்பட்டாளம்.

சாலை கைவிட்ட இடங்களில் அவர்களைக் காத்தது ரயில் பாதை. தண்டவாளங்களின் நடுவே ஸ்லீப்பர் கட்டைகளின்மேல் சைக்கிளை ஓட்டினர். அது எத்தகைய ஓட்டம் என்பதை, பாதைமேல் ஒரு முறையேனும் நடந்தவர் அறிவர். கட்டைக்குக் கட்டை ஒரு குலுக்கல், பற்கள் நறநறக்கும், ஹாண்டில்பாரைப் பிடித்த கை மரத்துப்போகும். ஓட்ட முடியாத இடத்தில் இறங்கித் தள்ளினர். ஆயினும் சேற்றில் சிக்கி நிற்பதை விட அது மேலாக இருந்தது. மேலும் இருப்புப் பாதையை ஒட்டிச் சென்றால் வழி தவறாது. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் ஊட்டும் தொட்டிகளும் அதன் ஓரத்திலேயே இருந்தன.

ஹெலினா, பில்லிங்ஸ் நகரங்களைக் கடந்து, ஜூன் மாதக் கடைசியில் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தை அடைந்தனர். 21 ஆண்டுகளுக்கு முன், 1876-ஆம் ஆண்டு, அமெரிக்கப் படைத்தலைவர் கஸ்டரும் அவரோடு நின்றவர்களும் அந்நாட்டுப் பழங்குடி மக்களால் வீழ்த்தப்பட்ட இடம் அது. அங்கிருந்து வயோமிங் மாநிலத்தின் வறண்ட வெளிகள். அதற்கப்பால் நெப்ராஸ்கா.

பனியில் தொடங்கிய பயணம் நெப்ராஸ்காவில் நெருப்பில் இறங்கிற்று. அங்கே மணற்குன்றுகள் கடல் அலைபோல் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நிற்கும். நிழலிலேயே 110 பாரன்ஹீட்டுப் பாகை வெயில். சக்கரம் மணலில் முக்கால் சாண் புதைந்தால் மிதித்துப் பயனில்லை. 170 மைல் அகலமுள்ள அந்த மணற்பகுதியைக் கடக்க நாலரை நாள் பிடித்தது. அதன் பெரும்பகுதியைத் தண்டவாளத்தின் நடுவே தட்டுத் தடுமாறியே கடந்தனர். நிலத்து நீரில் உவர்ப்பு மிகுதி. தாகம் தாளாமல் அதைக் குடித்தவர்களுக்கு வயிற்று நோய் கண்டது. வலிமை மிக்க ஆட்களும் பாதையோரத்தில் சுருண்டு படுத்தனர்.

நோயுற்றவர் எழுந்தனர், மறுபடி பெடலில் கால் வைத்தனர். டயர்கள் கிழிந்தன, ஆக்ஸில்கள் முறிந்தன. பின்ட்லி அவற்றைச் செப்பனிட்டார். பட்டாளத்தின் வேகம் மருத்துவரின் மருந்தைப் பொறுத்திருந்தது போலவே அவருடைய ஸ்பானரையும் பொறுத்திருந்தது.

தண்ணீர் தர மறுத்தவர்கள்

லிங்கன் நகரத்தைத் தாண்டியதும் நல்ல சாலைகள் வந்தன. சிற்றூர்களில் மக்கள் திரண்டு வந்து வேடிக்கை பார்த்தனர். பட்டாளம் எங்கே போகிறது, எங்கேனும் போர் மூண்டுவிட்டதா என்று கேட்டவர்களும் உண்டு. துப்பாக்கி சுமந்த கறுப்பினச் சிப்பாய்களை வரிசையாகச் சைக்கிளில் கண்டது அவர்களுக்கு இதுவே முதல் முறையாக இருந்திருக்கும்.

மிசௌரி மாநிலத்துக்குள் நுழைந்ததும் காற்று மாறிற்று. 1865-ஆம் ஆண்டுவரை அடிமை முறை சட்டமாக இருந்த மாநிலம் அது. அந்நினைவு பலர் மனத்தில் இன்னும் ஆறவில்லை. அரசின் சீருடை அணிந்து வந்திருப்பவர்கள் என்றும் பாராது, தோலின் நிறத்தைக் கண்டு, தங்க இடம் தரவும் தண்ணீர் தரவும் மறுத்த குடியானவர்கள் அங்கே இருந்தனர். மலையும் மணலும் செய்த கொடுமை இயற்கை; அதை எவரும் நொந்துகொள்வதில்லை. ஆயிரத்தைந்நூறு மைலுக்கு மேல் வந்தவனுக்கு ஒரு குவளைத் தண்ணீர் இல்லை என்பது இயற்கை அன்று. அந்த மறுப்பையும் வாய்திறவாது தாங்கிக்கொண்டு, அடுத்த கிணற்றைத் தேடி மிதித்தனர்.

ஜூலை மாதம் 24-ஆம் நாள் செயின்ட் லூயிஸ் நகர எல்லையை அடைந்தபோது நிலைமை வேறாக இருந்தது. அந்நகரத்துச் சைக்கிள் சங்கத்தார் எதிர்கொண்டு வந்து அழைத்துச் சென்றனர். பாரஸ்ட் பூங்காவில் பட்டாளம் கூடாரம் அடித்தது. அவர்களைக் காண 10,000 பேர் வரை திரண்டனர் என்று செய்தி வெளியாயிற்று.

கணக்குப் பார்ப்போம். மொத்தம் நாற்பத்தொரு நாள். அவற்றுள் வண்டி ஓட்டிய நாள் 34. நாளொன்றுக்குச் சராசரி 56 மைல். மணிக்கு ஆறு மைலுக்குச் சிறிது மேல். பாதையில் பட்ட பாட்டை எண்ணினால் இது சாதாரண வேகம் அன்று. காலாட்படை நாளொன்றுக்குப் பதினைந்து இருபது மைல் நடந்தாலே பெரிது. சைக்கிள் படை, காலாட்படையையும் குதிரைப் படையையும் போல் இரு மடங்கு விரைவில், மூன்றிலொரு பங்கு செலவில் செல்ல வல்லது என்று மாஸ் மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார்.

அறிக்கைக்குக் கிடைத்த பதில்

அறிக்கை போயிற்று. மேலும் பயணத்தைத் தொடர மாஸ் அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. சைக்கிள்கள் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. சிப்பாய்கள் ரயிலேறி மிசூலாவுக்குத் திரும்பினர். பல நாள் எந்தத் தண்டவாளத்தின் நடுவே குலுங்கிக் குலுங்கி வந்தார்களோ, அந்தத் தண்டவாளத்தின் மேலேயே பயணிகளாக அமர்ந்து போனார்கள். ஜன்னல் வழியே அந்த மணற்குன்றுகளைப் பார்த்தபோது அவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ!

மறு ஆண்டு மிசூலாவிலிருந்து மேற்கே சான்பிரான்சிஸ்கோ நகரம்வரை செல்ல மாஸ் திட்டமிட்டார். அது நிறைவேறவில்லை. 1898-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டோடு போர் மூண்டது. 25-ஆம் காலாட்படை கியூபாத் தீவுக்கு அனுப்பப்பட்டது. சைக்கிள் படை என்ற எண்ணமே அத்தோடு அப்பட்டாளத்தில் மறைந்தது. சில ஆண்டுகளில் மோட்டார் வண்டி வந்துவிட்டது.

இத்துடன் கதை முடிந்திருந்தால், ஒரு சோதனை நடந்தது, வென்றது, மறக்கப்பட்டது என்று எழுதிப் பேனாவை மூடிவிடலாம். ஆனால் மிங்கோ சாண்டர்ஸின் கதை இன்னும் இருக்கிறது.

கியூபாவில் அவர் போரிட்டார். எல்கானே என்னுமிடத்தில் 1898 ஜூலை முதல் நாள் நடந்த சண்டையில் அவருடைய பட்டாளம் நின்றது. அப்போரில் தியோடர் ரூஸ்வெல்ட் என்பவர் தொண்டர் குதிரைப் படையொன்றை நடத்திவந்தார். அவருடைய ஆட்கள் உணவின்றித் தவித்தபோது, தம்மிடமிருந்த கட்டி ரொட்டியைப் பகிர்ந்து கொடுத்ததாகச் சாண்டர்ஸ் பின்னாளில் கூறினார். அந்த ரூஸ்வெல்ட்தான் 1901-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜனாதிபதி ஆனவர். சாண்டர்ஸ் பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் சேவை செய்தார். தம் கம்பெனியில் முதல் சார்ஜண்டாக உயர்ந்தார்.

1906-ஆம் ஆண்டு 25-ஆம் காலாட்படையின் மூன்று கம்பெனிகள் டெக்சாஸ் மாநிலத்துப் பிரவுன்ஸ்வில் நகருக்கு மாற்றப்பட்டன. ஊராருக்கு அவர்கள் வரவு பிடிக்கவில்லை. ஆகஸ்டு மாதம் ஒரு நள்ளிரவில் தெருவில் துப்பாக்கிச் சூடு நடந்தது, ஒருவர் இறந்தார், ஒரு போலீஸ்காரர் காயமுற்றார். சிப்பாய்களே சுட்டனர் என்று ஊரார் கூறினர். சிப்பாய்கள் அனைவரும் அவ்வேளை கொட்டடியில் இருந்ததாக அவர்களின் வெள்ளை அதிகாரிகளே சொன்னார்கள். சுட்டவன் எவன் என்று நிறுவப்படவில்லை. எவனும் காட்டிக் கொடுக்கவில்லை; ஆகவே எல்லாரும் கூடி மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டி, விசாரணை மன்றம் எதிலும் நிறுத்தாமலே, 167 பேரையும் பட்டாளத்திலிருந்து நீக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் உத்தரவிட்டார். அந்த 167 பேரில் சாண்டர்ஸும் ஒருவர்.

அவருடைய சேவை அப்போது 26 ஆண்டு. ஓய்வூதியத்துக்கு இன்னும் சிறிது காலமே இருந்தது. ஒரே உத்தரவில் சம்பளமும் போயிற்று, ஓய்வூதியமும் போயிற்று, நற்பெயரும் போயிற்று.

நாம் அலுவலகத்தில் சேவைப் பதிவேடுகளோடு பழகுகிறவர்கள். ஒரு மனிதனின் முப்பது ஆண்டு வாழ்வு அந்த ஏட்டின் சில பக்கங்களில் அடங்கிவிடும். சேர்ந்த நாள், மாற்றலான ஊர், எடுத்த விடுப்பு, ஏறிய சம்பளம். ஒரு வரி பிழைபட்டால் அதைத் திருத்தக் கிழவர்கள் கைத்தடி ஊன்றிப் பல மாதம் நடப்பதை நாம் கண்டிருக்கிறோம். சாண்டர்ஸின் ஏட்டில் பனிமலையும் மணற்குன்றும் கியூபாவும் பிலிப்பைன்ஸும் இருந்தன. அவற்றையெல்லாம் ஒரு கடைசி வரி அடித்துவிட்டது.

அவர் வாஷிங்டன் நகரத்துக்குச் சென்று முறையிட்டார், பயனில்லை. செனட் சபையில் ஒஹாயோ மாநிலத்து ஜோசப் போரக்கர் இச்சிப்பாய்களுக்காக வாதாடினார்; வெல்லவில்லை. பின்னர் பதினான்கு பேர் மட்டும் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். அவர்களுள் சாண்டர்ஸ் இல்லை. 1929-ஆம் ஆண்டு அவர் காலமானார்.

திருத்தப்பட்ட வரி

1970-ஆம் ஆண்டு ஜான் வீவர் என்னும் எழுத்தாளர் பழைய சாட்சியங்களை ஆராய்ந்து, சிப்பாய்கள் குற்றமற்றவர்கள் என்று ஒரு நூல் எழுதினார். அதைக் கண்டு அகஸ்டஸ் ஹாக்கின்ஸ் என்னும் காங்கிரஸ் சபை உறுப்பினர் இவ்விஷயத்தைக் கையில் எடுத்தார். 1972-ஆம் ஆண்டு அமெரிக்கப் படைத்துறை தன் பழைய உத்தரவை மாற்றிற்று. நீக்கப்பட்டவர்கள் நற்பெயரோடு விடுவிக்கப்பட்டவர்களாக ஏட்டில் எழுதப்பட்டனர். தவறு நேர்ந்து 66 ஆண்டு கழிந்திருந்தது. அதைக் காணச் சாண்டர்ஸ் இல்லை. மறுபடி சேர்த்துக்கொள்ளப்படாதவருள் அப்போது உயிரோடிருந்த டார்சி வில்லிஸ் என்னும் முதியவருக்குப் பின்னர் 25,000 டாலர் வழங்கப்பட்டது.

சைக்கிள் பயணமும் மறதியிலிருந்து மீண்டது. 1974-ஆம் ஆண்டு மொன்டானாப் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் மிசூலாவிலிருந்து செயின்ட் லூயிஸ்வரை அதே யாத்திரையைச் சைக்கிளில் செய்தனர். 2022-ஆம் ஆண்டு, 125 ஆண்டு நிறைவின்போது, எரிக் செடெனோ என்பவர் அவ்வழியே தனியாக ஓட்டிச் சென்றார். இன்றைய வண்டியில் கியர் உண்டு. பாதை செவ்வையாக உண்டு. ஆனால் மலையின் ஏற்றம் அதே ஏற்றம்தான்.

நன்றாக உழைத்தால் நல்லது வரும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். அப்படிச் சொல்வது சரியே. ஆயினும் இவ்வரலாற்றைப் படித்தபின் அதனோடு இன்னொரு சொல்லையும் சேர்த்துச் சொல்லத் தோன்றுகிறது. உழைப்பது உழைப்பவன் கையில் இருக்கிறது. அதை நேர்மையாகப் பதிந்து வைப்பது மற்றவர் கையில் இருக்கிறது. இருபது சிப்பாய்களும் தங்கள் பங்கைக் குறைவறச் செய்தார்கள். ஏடு வைத்திருந்தவர்கள் தங்கள் பங்கைச் செய்ய 66 ஆண்டு எடுத்துக்கொண்டார்கள். நாளை நம் பிள்ளைகளில் ஒருவர் பேனா பிடித்து ஏட்டின் முன் அமரலாம். பிறர் வாழ்வை எழுதும் வேலை அவர் கைக்கு வரலாம். அப்போது அவர் நினைவில் இது இருக்கட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுச் சிறுவன் சைக்கிளைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, டயரில் காற்று அடிக்கும்போது, அருகில் அமர்ந்து மிங்கோ சாண்டர்ஸின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள்.